மாநிலச் சட்டமன்றத்தில் தாய்மார்களுக்காகப் பேசுவது எப்படி: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் 2023-ல், உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 18.6 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இது சி.டி.சி. என்கிற மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. வெள்ளையினப் பெண்களை மட்டும் எடுத்தால் 14.5, கறுப்பினப் பெண்களை மட்டும் எடுத்தால் 50.3. கோவிட் உச்சத்தில் இருந்த 2021-ல் மொத்த எண் 32.9 வரை போயிருந்தது, அங்கிருந்து நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் 2022-லிருந்து 2023-க்கு வரும்போது மற்ற எல்லோருக்கும் இறங்கிய எண் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் இறங்கவில்லை.

வறுமைதான் காரணம், படிப்பில்லாததுதான் காரணம் என்று நம் வீட்டு விருந்துகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் ஷாலன் இர்விங் இதே சி.டி.சி.யில் வேலை பார்த்த நோய்ப்பரவல் ஆய்வாளர். நல்ல சம்பளம், நல்ல இன்சூரன்ஸ். 2017 ஜனவரியில், குழந்தை பிறந்து மூன்று வாரத்தில், உயர் ரத்த அழுத்தச் சிக்கலால் இறந்துபோனார். அந்த மூன்று வாரத்தில் அவர் சும்மா வீட்டில் இருக்கவில்லை, உடம்பு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதுதான் இந்தப் பிரச்சினையின் மையம், அதைச் சட்டத்தால் எவ்வளவு தூரம் சரிசெய்ய முடியும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இது எடிசனிலோ பிளெயின்ஸ்போரோவிலோ டாலஸிலோ ஃப்ரீமான்டிலோ இருந்துகொண்டு, மாநிலச் சட்டமன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடத் தேடிப் பார்க்காதவர்களுக்கான வழிகாட்டி. நான் இருப்பது நியூ ஜெர்சி என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்து வரும், உங்கள் மாநிலத்தில் கமிட்டிகளின் பெயரும் தேதிகளும் மாறும், வேலை செய்கிற விதம் அதிகம் மாறாது.

ஏன் மாநிலம்? வாஷிங்டனில் பேச வேண்டியதுதானே?

அங்கேயும் பேசலாம். ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் லாரன் அண்டர்வுட், ஆல்மா ஆடம்ஸ், அப்போது செனட்டராக இருந்த கமலா ஹாரிஸ் மூவரும் 2020-ல் கொண்டுவந்த மாம்னிபஸ் என்கிற, தாய் நலத்துக்கான மசோதாத் தொகுப்பு முழுசாக இன்னும் நிறைவேறவில்லை. ராணுவத்தில் பணிசெய்த தாய்மார்களுக்கான ஒரு பகுதி மட்டும் 2021 நவம்பரில் சட்டமானது. அதே காலத்தில் மாநிலங்கள் நிறையச் செய்துவிட்டன. இந்த நாட்டில் பத்தில் நான்கு பிரசவத்துக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது, அதை நடத்துவது மாநிலம். மருத்துவமனைக்கு உரிமம் கொடுப்பது, நர்ஸுக்கும் டாக்டருக்கும் உரிமம் கொடுப்பது, ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராயும் கமிட்டியை அமைப்பது எல்லாமே மாநிலத்தின் கையில்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள். நியூ ஜெர்சியில் ஒரு மாநிலத் தொகுதிக்குச் சுமார் இரண்டேகால் லட்சம் பேர், அவர்களுக்கு ஒரு செனட்டர், இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள். ஒரே விஷயத்துக்காக ஒரு வாரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டால் அந்த அலுவலகத்தில் கவனிப்பார்கள்.

முதலில் படிக்க வேண்டியது

மசோதாவைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தின் தாய் மரண ஆய்வுக் கமிட்டி அறிக்கையைத் தேடி எடுங்கள். 2018 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம் ஒன்று இந்தக் கமிட்டிகளுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது, இப்போது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. கர்ப்ப காலத்திலும் அது முடிந்த ஒரு வருடத்துக்குள்ளும் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மருத்துவக் குறிப்புகளைப் படித்து, இதைத் தடுத்திருக்க முடியுமா, எங்கே தவறியது என்று எழுதுவார்கள். பக்கங்கள் நிறைய இருந்தாலும் முன்னால் இருக்கும் சுருக்கமும் கடைசியில் இருக்கும் பரிந்துரைகளும் போதும். மசோதாக்களுக்கான விதை பெரும்பாலும் அந்தப் பரிந்துரைகளில்தான் இருக்கிறது.

36 மாநிலங்களின் 2017-19 தரவுகளைச் சேர்த்து சி.டி.சி. வெளியிட்டதில் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் நான்கு மரணங்களுக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. பாதிக்கும் மேல் நடந்தது பிரசவ அறையில் இல்லை, குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்து, ஒரு வருடத்துக்குள். மூன்றாவது, காரணங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன: கறுப்பினப் பெண்களுக்கு இதய நோய், வெள்ளையின, ஹிஸ்பானியப் பெண்களுக்கு மனநலம் (தற்கொலையும் போதைமருந்து மரணங்களும் இதில் அடக்கம்), ஆசியப் பெண்களுக்கு ரத்தப்போக்கு.

இந்த "ஆசியர்" என்கிற ஒரே கட்டத்துக்குள் தமிழ்ப் பெண்ணும் கொரியப் பெண்ணும் ஃபிலிப்பினோ பெண்ணும் ஒன்றாக இருக்கிறார்கள். இந்திய வம்சாவளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும், ஆனால் மொத்தக் கணக்கில் அது கரைந்துவிடும். நியூ ஜெர்சியில் 2024 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒன்று, மாநிலத் துறைகள் தகவல் சேகரிக்கும்போது தெற்காசியர்களைத் தனியாகக் கணக்கெடுக்க வழிசெய்திருக்கிறது. நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. உங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் நீங்கள் கேட்கக்கூடிய முதல் விஷயமாக இதுவே இருக்கலாம்.

தரவைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 1987-லிருந்து பிரசவித்த பெண்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்டுத் தகவல் சேகரித்த பிராம்ஸ் என்கிற சி.டி.சி. கணக்கெடுப்பின் குழு, 2025 ஏப்ரல் ஆட்குறைப்பில் மொத்தமாக விடுப்பில் அனுப்பப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தில் 2024 நவம்பரில், இரண்டு பெண்களின் மரணம் பற்றிய கமிட்டித் தகவல் பத்திரிகையில் வந்ததற்காகக் கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரையும் நீக்கினார்கள். எண்களே கிடைக்காமல் போனால் அதற்கப்புறம் எந்தக் கோரிக்கையும் நிற்காது, அதனால் கமிட்டியைக் காப்பாற்றுவதும் இந்த வேலையின் பகுதிதான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்வது பல வருடமாக நடக்கிறது, மருத்துவமனைக் குறிப்போடு நிறுத்தாமல் வீட்டுக்குப் போய்க் குடும்பத்திடமும் கேட்பார்கள். அங்கே 2018-20-ல் லட்சத்துக்கு 54 என்று குறைந்ததில் அந்தத் தணிக்கைக்குப் பங்கு உண்டு. குடும்பத்தினரிடம் பேச வேண்டும், கமிட்டியில் டூலாக்களும் (பிரசவத்தில் கூடவே இருந்து துணை செய்பவர்கள்) தாய்மார்களும் இருக்க வேண்டும் என்று இங்கே கேட்பதற்கு நமக்கு ஊரிலிருந்தே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

புதிதாகச் சங்கம் தொடங்காதீர்கள்

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் ஆட்களுக்கு நாலு பேர் சேர்ந்தால் உடனே ஒரு அமைப்பு, ஒரு லோகோ, ஒரு வாட்ஸப் குழு. இந்தத் துறையில் வழி போட்டவர்கள் கறுப்பினப் பெண்கள். பிளாக் மாமாஸ் மேட்டர் அலையன்ஸ் என்கிற கூட்டமைப்பு 2018-லிருந்து ஏப்ரல் 11 முதல் 17 வரை கறுப்பினத் தாய்மார் நல வாரத்தை நடத்துகிறது, உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் அந்த வாரத்தில் ஏதாவது கூட்டம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. போய் உட்காருங்கள். முதல் சில கூட்டங்களில் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். எந்த மசோதா நகர்கிறது, எந்த உறுப்பினர் நம்பகமானவர், எந்தக் கமிட்டித் தலைவர் மூன்று வருடமாக ஒரு மசோதாவைக் கிடப்பில் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு அத்துபடி. உங்களால் அங்கே கொடுக்க முடிவது கூடுதல் ஆட்களும் கூடுதல் தொகுதிகளும்: எடிசன், சவுத் பிரன்ஸ்விக் பக்கத்து உறுப்பினர்களுக்கு இந்த விஷயம் தங்கள் வாக்காளர்களுக்கும் முக்கியம் என்று தெரியவேண்டும்.

"நம் பெண்களுக்கு அவ்வளவு மோசமில்லையே, நாம் ஏன்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உங்களோடு வேலை செய்கிற, உங்கள் குழந்தையோடு படிக்கிற குழந்தையின் அம்மா இறப்பதற்கு இத்தனை மடங்கு அதிக வாய்ப்பு என்றால் அதுவே போதுமான காரணம். நியூ ஜெர்சி அரசே வெளியிட்ட கணக்கில் கறுப்பினத் தாய் இறக்கும் வாய்ப்பு வெள்ளையினத் தாயைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு.

ஒரே ஒரு கோரிக்கை

"தாய் நலத்தில் சமத்துவம் வேண்டும்" என்று போய் நின்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. ஒரு மசோதா, ஒரு எண், ஒரு வரி. மாநிலங்கள் ஏற்கெனவே செய்தவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது சுலபம்.

பிரசவத்துக்குப் பிந்தைய மெடிகெய்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பல பெண்களுக்குப் பிரசவமாகி 60 நாளில் அது முடிந்துவிடும். மரணங்களில் பாதிக்கும் மேல் முதல் வாரத்துக்கு அப்புறம்தான் என்று மேலே பார்த்தோம், அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். 2021-ல் மத்திய அரசு, விரும்பும் மாநிலங்கள் 12 மாதமாக நீட்டிக்கலாம் என்று வழிவிட்டது. நியூ ஜெர்சி அந்த வருடம் அக்டோபரிலேயே ஒப்புதல் வாங்கிவிட்டது. டெக்சாஸ் கதை இன்னும் சுவாரசியம்: டோனி ரோஸ் என்கிற உறுப்பினர் 2021-ல் 12 மாதம் கேட்டு மசோதா கொண்டுவந்தார், கீழவை ஒப்புக்கொண்டது, செனட் அதை ஆறு மாதமாக வெட்டியது. அவர் 2023-ல் திரும்ப அதே 12 மாதத்தோடு வந்தார், இந்த முறை நிறைவேறி ஆளுநர் அபட் கையெழுத்துப் போட்டார். மிசிசிப்பியும் அதே வருடம் செய்தது. இரண்டும் குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள், உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சி என்பதை வைத்து முதலிலேயே மனம் தளர வேண்டாம்.

அடுத்தது டூலா. பிரசவத்துக்கு முன்னாலும் பிரசவ நேரத்திலும் பிறகும் கூடவே இருந்து துணை செய்பவர், மருத்துவர் இல்லை. நம் வீடுகளில் பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வருவார்கள். விசா கிடைக்காமல் போனால், ஆறு மாதம் தங்க முடியாமல் போனால், அப்போது தெரியும் கூட ஒரு ஆள் இல்லாமல் இருப்பது என்னவென்று. பிரசவ நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். நியூ ஜெர்சி மெடிகெய்ட் 2021 ஜனவரியிலிருந்து டூலாவுக்குப் பணம் கொடுக்கிறது. உங்கள் மாநிலத்திலும் கொடுத்தால், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் டூலாக்கள் பதிவு செய்யவே வர மாட்டார்கள், சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கும்.

நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பது இன்னொன்று. நியூ ஜெர்சியில் 2021 ஜூலையில் சட்டம் வந்து, 2024 ஜனவரியில் சில கவுன்டிகளில் தொடங்கியது, எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் முதல் கட்டத்திலேயே இருந்தது. வருமானம், இன்சூரன்ஸ், விசா எதுவும் கேட்பதில்லை, இலவசம். உங்களுக்குத் தெரிந்த கர்ப்பிணிகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அதற்கு எந்தப் பிரச்சாரமும் தேவையில்லை.

நான் பேசலாமா? எனக்கு ஓட்டு இல்லையே

பேசலாம். எச்1பி, எச்4, கிரீன் கார்டு எதில் இருந்தாலும் உறுப்பினருக்கு எழுதலாம், சந்திக்கலாம், கமிட்டியில் சாட்சியம் சொல்லலாம். அவர்களுக்கு நீங்கள் தொகுதிவாசி. செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது: குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாதவர்கள் எந்தத் தேர்தல் வேட்பாளருக்கும் பணம் கொடுக்கக்கூடாது, மாநிலத் தேர்தலாக இருந்தாலும் சரி. நிதி திரட்டும் விருந்துக்கு அழைப்பு வந்தால் இதை நினைவில் வையுங்கள். விசா நிலை பற்றி உங்களுக்குப் பயம் இருந்தால் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், அதுவரை மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, ஆட்களைக் கூட்டிப் போவது போன்ற வேலைகள் நிறைய இருக்கின்றன.

தமிழ்ச் சங்கத்தின் பெயரில் செய்வதென்றால், அது வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பா என்று பாருங்கள். அப்படிப்பட்ட அமைப்பு ஒரு மசோதாவை ஆதரித்து ஓரளவு வரை பேசலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ மட்டும் கூடவே கூடாது. "நமக்கு அரசியல் வேண்டாம்" என்று நிர்வாகக் குழுவில் யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக விளக்குங்கள்.

மசோதா போகும் பாதை

நியூ ஜெர்சி சட்டமன்றம் டிரென்டனில் இருக்கிறது. செனட்டில் 40 பேர், அசெம்பிளியில் 80 பேர். சட்டமன்ற இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் உங்கள் மூன்று பேரும் யாரென்று வந்துவிடும். அதே தளத்தில் சொல் கொடுத்து மசோதாவைத் தேடலாம், பெரும்பாலும் செனட்டில் ஒரு எண், அசெம்பிளியில் ஒரு எண் இருக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

மசோதா முதலில் சுகாதாரக் கமிட்டிக்குப் போகும், பணம் செலவாகும் என்றால் அப்புறம் நிதிக் கமிட்டிக்கும் போகும். பெரும்பாலான மசோதாக்கள் தோற்கடிக்கப்படுவதில்லை, கமிட்டித் தலைவர் கூட்டத்தின் விவாதப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடுவார், இரண்டு வருடக் கூட்டத்தொடர் முடிந்ததும் தானாகக் காலாவதியாகிவிடும். ஆகவே உங்கள் முதல் வேலை ஓட்டுக் கேட்பது இல்லை, "இதைப் பட்டியலில் சேருங்கள்" என்று கமிட்டித் தலைவரிடம் கேட்கச் செய்வது. அவர் உங்கள் தொகுதியாக இல்லாமலும் இருக்கலாம், அங்கே வசிக்கிற ஒரு தமிழ்க் குடும்பம் நிச்சயம் இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

கேலண்டரைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஜூலை 1-ல் நிதியாண்டு தொடங்குவதால் பட்ஜெட் விசாரணைகள் வசந்த காலத்தில் நடக்கும், ஜூன் 30-க்குள் முடிந்தாக வேண்டும். டெக்சாஸில் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும் ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடும், அங்கே இருப்பவர்கள் முந்தைய வருடத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் சந்திப்பு

டிரென்டனுக்குப் போகத் தேவையில்லை, தொகுதி அலுவலகம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும். போன் செய்து பதினைந்து நிமிடம் கேளுங்கள். உறுப்பினர் இல்லாமல் உதவியாளர் வந்தால் வருத்தப்படாதீர்கள், குறிப்பெழுதி மேலே அனுப்புவதும் எந்தக் கடிதத்துக்குப் பதில் போடலாம் என்று சொல்வதும் அவர்தான். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஒரு பக்கக் குறிப்பு: மசோதா எண், அது என்ன செய்யும், இந்தத் தொகுதியில் யாருக்குப் பயன், நீங்கள் கேட்பது என்ன. கேட்பதைக் கடைசியில் வாய்விட்டே கேளுங்கள். "இந்த மசோதாவுக்கு இணை ஸ்பான்சராகச் சேர்வீர்களா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சுற்றி வளைத்து, ஃபோட்டோ எடுத்து, சால்வை போட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே வந்துவிடுவோம். ஃபோட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் நன்றி மின்னஞ்சலோடு அந்தக் கேள்வியைத் திரும்ப எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்துப் பதில் என்ன என்று கேளுங்கள்.

கமிட்டியில் மூன்று நிமிடம்

கமிட்டி நாட்கள் நியூ ஜெர்சியில் பொதுவாகத் திங்கள், வியாழன். பட்டியல் சில நாட்களுக்கு முன்னால்தான் வரும், அதனால் வரக்கூடியவர்களின் பெயரை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். பேசப் பெயர் கொடுக்க வேண்டும். பேசத் தயக்கமாக இருந்தால் ஆதரவு என்று மட்டும் பதிவு செய்யலாம், அதுவும் கணக்கில் வரும்.

நேரம் சுமார் மூன்று நிமிடம், கூட்டம் அதிகமானால் இரண்டாகவும் குறைப்பார்கள். எழுதி வைத்துப் படிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. பெயர், ஊர், மசோதா எண், ஆதரவு என்பதை முதல் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். பிறகு நடந்தது. நடந்ததைச் சொல்லும்போது உணர்ச்சிச் சொற்களைவிட நேரம்தான் அடிக்கும். சார்லஸ் ஜான்சன் என்பவரின் மனைவி கிரா 2016-ல் சிசேரியனுக்குப் பிறகு உள் ரத்தப்போக்கால் இறந்தார். மாலையில் கதீட்டரில் ரத்தத்தைப் பார்த்தது, ஸ்கேன் எடுங்கள் என்று கேட்டது, மணிக்கணக்காகக் காத்திருந்தது, நள்ளிரவு தாண்டித்தான் அறுவைசிகிச்சைக்கு எடுத்துப்போனது என்று அவர் வரிசையாகச் சொல்வார். 2018-ல் காங்கிரஸ் கமிட்டி முன்னால் அவர் சாட்சியம் சொன்னார், அந்த வருடக் கடைசியில்தான் நான் மேலே சொன்ன ஆய்வுக் கமிட்டிச் சட்டம் கையெழுத்தானது. கதையை முடித்ததும் இந்த மசோதா இருந்திருந்தால் எந்த இடத்தில் என்ன மாறியிருக்கும் என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லாவிட்டால் கமிட்டி உங்களுக்கு அனுதாபம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சொல்வது பொதுப் பதிவு, வீடியோ இணையத்தில் பல வருடம் இருக்கும். உங்கள் உடம்பு பற்றிச் சொல்வது உங்கள் உரிமை, ஆனால் தங்கையின் கதையை, தோழியின் கதையை அவர்கள் சம்மதமில்லாமல் சொல்லாதீர்கள். குழந்தையை இழந்தவர், மனச்சோர்விலிருந்து மீண்டு வருபவர் யாரையும் "நீங்கள் பேசினால் நன்றாக இருக்கும்" என்று வற்புறுத்தவும் கூடாது.

சங்கத்திலேயே செய்யக்கூடியவை

சட்டம் வர வருடங்கள் ஆகலாம். அதுவரை பொங்கல் விழாவிலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் பத்து நிமிடம் வாங்குங்கள். ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்: விடாத தலைவலி, பார்வை மங்குவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு நனைகிற அளவு ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்கிற எண்ணம். எமர்ஜென்சிக்குப் போனால் முதல் வாக்கியமே "எனக்குப் பிரசவமாகி இத்தனை வாரம் ஆகிறது" என்று இருக்க வேண்டும், ஏனென்றால் குழந்தை கூட இல்லாவிட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் வரை இதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் காகிதம் கணவருக்கும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் போய்ச் சேர வேண்டும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே அடக்கிவிடுவதும் நடக்கிறது. ஆங்கிலம் வராதவர்களுக்கு, மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம், பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை. மனநலத்துக்கு 1-833-852-6262 என்கிற தேசிய உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும், இலவசம், மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு.

கையெழுத்துக்குப் பிறகு

ஆளுநர் கையெழுத்துப் போட்டதும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள், நீங்கள் கலையாதீர்கள். கலிஃபோர்னியா 2019-ல் எஸ்.பி. 464 என்கிற சட்டத்தை நிறைவேற்றியது. பிரசவப் பிரிவில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும், தங்களுக்கே தெரியாமல் மனதில் இருக்கும் பாகுபாட்டைப் பற்றிய பயிற்சி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் செய்யாவிட்டால் என்ன என்று அதில் இல்லை, தெளிவான கெடு இல்லை, அபராதம் இல்லை. மாநில நீதித்துறை விசாரித்து 2023 அக்டோபரில் அறிக்கை விட்டபோது, துறையிலிருந்து கடிதம் போகும் வரை பல மருத்துவமனைகள் பயிற்சியை ஆரம்பிக்கவே இல்லை என்பது தெரிந்தது. கெடுவும் அபராதமும் சேர்த்து 2024-ல் ஏ.பி. 2319 என்று இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. நடுவில் போனது ஐந்து வருடம்.

ஆகவே மசோதாவைப் படிக்கும்போதே தேடுங்கள்: யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் என்ன, பணம் எங்கிருந்து. ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் கமிட்டிக் கட்டத்திலேயே திருத்தம் கேளுங்கள், அப்போது சேர்ப்பது சுலபம். சட்டமான பிறகு சுகாதாரத் துறை விதிமுறைகள் எழுதும், அதன் வரைவு வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள். அங்கே மருத்துவமனைகளின் வக்கீல்கள் எழுதுவார்கள், தாய்மார்கள் எழுதுவது அரிது. அப்புறம் ஒவ்வொரு வசந்தத்திலும் பட்ஜெட்டில் அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தால் மெடிகெய்டுக்கு வரும் பணம் வரும் வருடங்களில் குறையும், மாநிலங்கள் எதை வெட்டலாம் என்று பார்க்கும்போது டூலா, வீட்டுக்கு வரும் நர்ஸ் போன்றவை முதலில் கண்ணில் படும்.

கடைசியாக, உங்கள் பக்கத்து மருத்துவமனை. பல மருத்துவமனைகளில் நோயாளிகளும் குடும்பத்தினரும் உட்காரும் ஆலோசனைக் குழு இருக்கிறது, அதில் சேர விண்ணப்பிக்கலாம், மாதம் ஒரு மாலை போதும். போனால் கேட்க வேண்டியவை: ரத்தப்போக்குக்கான மருந்தும் கருவிகளும் வைத்த வண்டி பிரசவப் பிரிவில் தயாராக நிற்கிறதா, இழந்த ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறார்களா அளக்கிறார்களா, டூலாவை உள்ளே விடுகிறார்களா, சிசேரியன் விகிதத்தை இனவாரியாகப் பார்க்கிறார்களா. கலிஃபோர்னியாவில் 2006-ல் தொடங்கிய மருத்துவமனைகளின் கூட்டமைப்பு இப்படிப்பட்ட சின்னச் சின்ன நடைமுறைகளைப் பிரசவப் பிரிவுகளில் பழக்கமாக்கியது, 2013-க்குள் அந்த மாநிலத்தில் தாய் மரண விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது. பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள்.